பெல்லட் அடுப்புப் புகைக்குழாயைச் சுவரில் துளை போட்டு வெளியே விடலாமா?

3 டிசம்பர் 2024, இரவு 9.40. கேள்வி, ரிங்லெட்டிலிருந்து

அண்ணே, எங்கள் வீடு மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டுக்குச் சற்று மேலே, பழைய தோட்டத்து வீடு. அம்மாவுக்கு மூட்டு வலி. இந்த மழைக் குளிரில் ராத்திரி தூக்கமே இல்லை. மச்சான் கனடாவில் இருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தபோது கன்டெய்னரில் ஒரு பெல்லட் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிப்பது. அதைக் கூடத்தில் வைத்து, பின்னால் இருக்கும் 3 அங்குல வாயில் குழாயைச் செருகி, நேராகச் சுவரில் துளை போட்டு வெளியே நீட்டிவிடலாம் என்கிறார். உள்ளே ஃபேன் இருக்கிறதாம், அதுவே புகையைத் தள்ளிவிடுமாம், புகைக்கூண்டு எதுவும் வேண்டாமாம். சரியா? ஹார்ட்வேர் கடையில் அலுமினியச் சுருள் குழாய் கிடைக்கிறது. அது போதுமா?

3 டிசம்பர், இரவு 10.55

அலுமினியச் சுருள் குழாயை வாங்காதீர்கள் தம்பி. மற்றதை நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன். அதுவரை அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம், சும்மா சோதித்துப் பார்ப்பதற்குக்கூட.

4 டிசம்பர், மாலை 6.20

மச்சான் சொல்வதில் பாதி சரி. பெல்லட் அடுப்புக்குள் ஃபேன் உண்டு. மோட்டார் ஒன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் கொட்டும், ஃபேன் எரிந்த காற்றை இழுத்துப் பின்பக்கக் குழாய்க்குள் தள்ளும். அதனால்தான் அமெரிக்கா, கனடா பக்கம் இதைச் சுவர் வழியாக வெளியே விட அனுமதிக்கிறார்கள். விறகு அடுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

அவர் யோசிக்காத பாதி இது. சாதாரணப் புகைக்கூண்டில் சூடான காற்று தானாக மேலே ஏறும்போது உள்ளே இழுவை உண்டாகும். மூட்டில் ஓட்டை இருந்தால் அறைக் காற்று குழாய்க்குள் போகும், புகை வெளியே வராது. பெல்லட் குழாயில் ஃபேன் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே உள்ளே அழுத்தம். ஒரு ஊசித் துவாரம் இருந்தாலும் போதும், புகை அறைக்குள்தான் வரும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும். புகையாவது கண்ணை எரிக்கும், மூக்கைத் துளைக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல். குளிர்க்காய்ச்சல் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். வயதானவர் தூங்கும் வீட்டில் இதைவிட ஆபத்து வேறு இல்லை.

நான் பல வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கம் ஃபிட்டராக இருந்தவன். அங்கே விறகு உலையின் சூடு இரும்புக் குழாய்களின் சுவர் வழியாகத்தான் காற்றுக்கு ஏறும். புகை ஒரு பாதையில் போகும், தேயிலையைக் காய வைக்கும் சூடான காற்று இன்னொரு பாதையில் போகும். ஒரு குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் தூளில் புகைவாடை ஏறிவிடும், அன்றைய தூள் முழுக்க வீண். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது மூட்டுகளைச் சந்தேகப்பட. தேயிலைக்கே அவ்வளவு பார்த்தோம், அம்மா மூச்சு விடும் காற்றுக்கு எவ்வளவு பார்க்க வேண்டும்?

நேராகச் சுவரில் நீட்டக் கூடாது என்பதற்கு இரண்டாவது காரணம் கரண்டு. நம் மலையில் மழைக்காலத்தில் மண் சரியும், மரம் விழும், கரண்டு போகும். அப்போது ஃபேன் நின்றுவிடும், கிண்ணத்தில் இருக்கும் பெல்லட்டோ சில நிமிடம் புகைந்துகொண்டுதான் இருக்கும். கிடையாக நீட்டிய குழாயில் இழுவை இல்லை. புகைக்குப் போக்கிடம் கூடம்தான். குழாயை 3 முதல் 5 அடியாவது செங்குத்தாக ஏற்றி அதன் பிறகு சுவரைத் தாண்டினால், ஃபேன் நின்றாலும் சூடு தானாக மேலே இழுக்கும். உயரம் இல்லாத குழாயைப் போடவே போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

சுவர் என்ன சுவர்? பலகையா, கல்லா, சீட்டா? படம் அனுப்புங்கள். அடுப்போடு வந்த கையேடு இருக்கிறதா? அதில் எழுதியிருப்பதுதான் முதல் சட்டம், என் பேச்சு அதற்கு அடுத்தது.

4 டிசம்பர், இரவு 11.15

ஒன்று விட்டுப்போனது. கனடா அடுப்பென்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் மின்சுற்றுப் பலகையும் மோட்டாரும் அந்த நொடியே கருகிவிடும். மச்சானிடம் டிரான்ஸ்பார்மர் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

6 டிசம்பர், காலை 7.30. ரிங்லெட்டிலிருந்து

கையேடு இருக்கிறது அண்ணே, மச்சான் பத்திரமாக வைத்திருந்தார். கூடத்தின் முன்சுவர் கல், பக்கவாட்டுச் சுவர் கீழே கல், இடுப்புக்கு மேலே பலகை. பின்பக்கம் சமையல்கட்டுச் சுவர் ஏதோ சாம்பல் நிறச் சீட்டு. அதில் துளை போடுவதுதான் சுலபம் என்று சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன்.

6 டிசம்பர், காலை 8.05

அந்தச் சாம்பல் சீட்டைத் தொடாதீர்கள். பழைய தோட்டத்து வீடுகளில் அந்தக் காலத்துச் சிமெண்டுச் சீட்டு என்றால் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. சும்மா இருக்கும்வரை தொல்லையில்லை. துளை போட்டால், வாளால் அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத இழை பறக்கும், நுரையீரலில் போய்த் தங்கும், பத்துப் பதினைந்து வருடமல்ல, முப்பது வருடம் கழித்துக்கூட நோயைக் காட்டும். சுலபமான சுவர் என்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பக்கவாட்டுச் சுவரைப் பார்ப்போம்.

6 டிசம்பர், இரவு 9.50

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவரில் பலகை தொடங்கும் உயரத்துக்கு மேலேதான் குழாய் வெளியே போகும், வேறு வழியில்லை. ஆகவே பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது முக்கியம்.

இந்த அடுப்புக்கென்றே இரட்டைச் சுவர்க் குழாய் உண்டு, பிஎல் வகை என்பார்கள். உள்ளே துருப்பிடிக்காத எஃகு, வெளியே துத்தநாகம் பூசிய தகடு, நடுவே காற்று இடைவெளி. பலகைக்கும் அதற்கும் சில குழாய்க்கு 1 அங்குலம், சிலதற்கு 3 அங்குலம் விட வேண்டும். எவ்வளவு என்று குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும். சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயை நேராகச் செருகிச் சிமெண்டு பூசக் கூடாது. அதற்கென்று ஒரு சுவர்க்கூடு வரும், இரண்டு பக்கமும் தகடு வைத்து, நடுவில் குழாய் பலகையைத் தொடாமல் நிற்கும்படி. பலகை உடனே பற்றிக்கொள்ளாது. மாதக்கணக்கில் சூடு பட்டுப் பட்டுக் கரியாகும், பிறகு முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பி இருப்பவர்களைத்தான் அது பிடிக்கும்.

மச்சான் கண்டெய்னரில் குழாய் எதுவும் கொண்டு வந்தாரா? அடுப்பைக் கழற்றிய வீட்டிலிருந்து கழற்றி வந்ததாக இருந்தால் உள்பக்கம் பாருங்கள். துரு, ஓட்டை, நெளிசல் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

7 டிசம்பர், மதியம் 1.10

தாப்பாவில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் பார்த்த ஏதோ ஒரு வாட்டர் ஹீட்டருக்குப் பிவிசி குழாயில் புகை விட்டிருந்தார்களாம், பெல்லட் சூடும் குறைவுதானே, அது போதாதா என்று.

போதாது. சில வகை எரிவாயுச் சாதனங்கள் புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கும் அளவுக்குச் சூட்டை உறிஞ்சிவிட்டு வெளியே விடுகின்றன, அவற்றின் புகை வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குப் பிளாஸ்டிக் தாங்கும். பெல்லட் புகை விறகடுப்பை விடக் குறைவான சூடுதான், ஆனாலும் 100 டிகிரியைத் தாண்டிச் சுலபமாகப் போகும். பிவிசி 80 டிகிரிக்கே இளகிவிடும். அலுமினியச் சுருளுக்கு வேறு குறை. அதன் மடிப்பு மடிப்பான உள்பக்கத்தில் சாம்பல் தேங்கும், மெல்லிய தகடு கிழியும், மூட்டை இறுக்கமாக அடைக்க முடியாது. தாப்பா அண்ணனுக்கு நான் கோபமாகச் சொல்லவில்லை. யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே பிவிசி வாங்கப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

8 டிசம்பர், மாலை 5.00

இப்போது கணக்கு. கையேட்டில் "சமநீளம்" என்று ஒரு பக்கம் இருக்கும், பாருங்கள், குழாயும் வளைவும் புகைக்கு எவ்வளவு தடை என்று எண்ணில் போடும் கணக்கு அது. வட அமெரிக்கப் பெல்லட் அடுப்புகளில் பொதுவாக இப்படிப் போடுவார்கள். கிடைக் குழாய் 1 அடிக்கு 1. செங்குத்துக் குழாய் 1 அடிக்கு அரை. 90 டிகிரி வளைவு ஒவ்வொன்றுக்கும் 5, டி மூட்டுக்கும் 5. 45 டிகிரி வளைவுக்கு 3. கூட்டினால் 15-க்குள் வந்தால் 3 அங்குலக் குழாய். தாண்டினால் 4 அங்குலம்.

உங்கள் வீட்டுக்கு நான் மனதில் போட்டு வைத்தது: அடுப்பின் வாயில் டி மூட்டு, 5. அறைக்குள்ளேயே 5 அடி மேலே, 2.5. மேலே ஒரு வளைவு, 5. சுவரைத் தாண்டி 2 அடி, 2. மொத்தம் 14.5. விளிம்பில் நிற்கிறது.

அதோடு உயரம். பல கையேடுகள் 4000 அடிக்கு மேல் என்றால் எப்படியும் 4 அங்குலம் போடச் சொல்லும். ரிங்லெட் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. இதே மலையில் இன்னும் மேலே இருக்கும் தானா ராத்தாவோ 1440 மீட்டர், கோட்டைத் தாண்டியாயிற்று. 1200 மீட்டரில் காற்று கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும். அதே ஃபேன், அதே சுற்று, ஆனால் தள்ளும் காற்றின் எடை குறைவு. நீங்கள் 4 அங்குலம் போடுங்கள். அடுப்பு வாயிலேயே 3-லிருந்து 4-க்கு மாற்றும் இணைப்பை மாட்டி, அதன் பிறகு எல்லாமே 4.

டி மூட்டு எதற்கு, வளைவே போதாதா என்று மச்சான் கேட்பார். பறக்கும் சாம்பல் செங்குத்துக் குழாயில் ஏறி, கொஞ்சம் திரும்பிக் கீழேயே விழும். வளைவாக இருந்தால் அங்கேயே மேடு கட்டி வழியை அடைக்கும். டி மூட்டின் அடியில் ஒரு மூடி இருக்கும், கழற்றித் தட்டினால் சாம்பல் கையில் வந்துவிடும். கீழே ஒரு பழைய பால் டின் வைத்துக்கொள்ளுங்கள்.

8 டிசம்பர், இரவு 8.40

செங்குத்துக் குழாயை வெளியே ஏற்றினால் கூடத்தில் இடம் மிச்சமாகுமே என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் நம் ஊர் மழையும் பனிமூட்டமும் வெளிக்குழாயைக் குளிர வைக்கும். குளிர்ந்த குழாயில் புகை ஈரமாகப் படியும், அந்த ஈரம் அமிலம், தகட்டைத் தின்னும். இழுவையும் குறையும். உள்ளே ஏற்றினால் குழாயின் சூடும் அறைக்கே கிடைக்கும். அம்மாவுக்காகத்தானே போடுகிறீர்கள்.

11 டிசம்பர், காலை 6.45

வெளியே குழாய் முடியும் இடத்தைப் பற்றி. இதில்தான் வெளிநாட்டுக் கையேடு நம் வீட்டைப் பார்த்ததே இல்லை.

கையேட்டில் திறக்கும் ஜன்னல், கதவு இவற்றுக்குக் கீழேயோ பக்கத்திலோ என்றால் 4 அடி தள்ளி, மேலே என்றால் 1 அடி தள்ளி என்று இருக்கும். வெளியிலிருந்து நேரே காற்று எடுக்கும் குழாய் போட்ட அடுப்புக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்கள். அங்கே குளிர்காலத்தில் ஜன்னல் மூடியே இருக்கும். நம் வீட்டில் ஜன்னலுக்கு மேலே துளைக்கல் வரிசை இருக்கிறது பாருங்கள், காற்றுக்காக வைத்தது, அதை மூடவே முடியாது. கண்ணாடிப் பட்டை ஜன்னல் மூடினாலும் இடுக்கு இருக்கும். ஆகவே துளைக்கல்லையும் திறந்த ஜன்னலாகவே எண்ணி அளவெடுங்கள். உங்கள் படத்தில் அம்மா படுக்கும் அறையின் துளைக்கல் அந்தப் பக்கவாட்டுச் சுவரிலேயே, குழாய் வர வேண்டிய இடத்துக்கு வலப்புறம் இருக்கிறது. நாடா போட்டு அளந்து சொல்லுங்கள். 4 அடிக்குக் குறைந்தால் அந்த இடம் வேண்டாம்.

குழாயின் முனை சுவரிலிருந்து 1 அடியாவது நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் சுவரெல்லாம் கரி. கூரை விளிம்புக்கு அடியில் சிக்கினாற்போலவும் விடக் கூடாது. கூரையின் மழைநீர் வடியும் பிளாஸ்டிக் பீலிக்கு நேர் கீழேயும் வேண்டாம். அந்தப் பக்கம் ஆள் நடக்கும் வழி இருந்தால் தலைக்கு மேலே, 7 அடிக்குக் குறையாமல்.

காற்றையும் பாருங்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை, அதாவது உங்களுக்கு அடுப்பு தேவைப்படும் மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்று. முனை அந்தத் திசையைப் பார்த்து நின்றால் காற்று புகையைத் திருப்பித் தள்ளும், ஃபேன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

11 டிசம்பர், மாலை 7.20. ரிங்லெட்டிலிருந்து

அளந்தேன் அண்ணே. துளைக்கல்லுக்கு 3 அடி 2 அங்குலம்தான். அடுப்பை இடப்பக்கம் நகர்த்தினால் 5 அடி கிடைக்கும், ஆனால் சாமி மேடையை இடம் மாற்ற வேண்டும். அம்மா யோசிக்கிறார்.

11 டிசம்பர், இரவு 8.00

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் தம்பி. நல்ல நாள் பார்த்து மேடையை மாற்றிக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். துளைக்கல்லை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

15 டிசம்பர், மதியம் 3.30

கரண்டு விஷயம். மச்சானிடம் 240-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த மோட்டார் 50-இல் ஓடினால் சுற்று ஆறில் ஐந்து பங்காகக் குறையும். ஃபேன் மெதுவாகும். பெல்லட் தள்ளும் மோட்டாரும் மெதுவாகலாம், ஆனால் இரண்டும் ஒரே அளவில் குறையும் என்று நம்ப முடியாது. ஃபேன் பிந்தினால் எரிப்புக்குக் காற்று போதாது, கண்ணாடி கறுக்கும், கார்பன் மோனாக்சைடு கூடும். மேலும் அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் மோட்டாரின் இரும்புக்கரு அளவுக்கு மீறிக் காந்தமாகிச் சூடேறும். மெலிந்த மலைக்காற்றும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

மாற்று வழி: 240 வோல்ட்டில் சார்ஜாகும் ஒரு பேட்டரி, அதிலிருந்து 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர். சுத்தமான சைன் அலை தருவதாக இருக்க வேண்டும், மலிவான சதுர அலை வகை இந்த மோட்டார்களுக்கு ஆகாது. பற்றவைக்கும் கம்பி சில நிமிடத்துக்கு 300, 400 வாட் கேட்கும், அதன் பிறகு ஃபேனுக்கும் மோட்டாருக்கும் 100 வாட்டை ஒட்டி. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம், அது 600 வாட் மணி. கரண்டு போனாலும் அடுப்பு முறையாக எரிந்து முடிந்து அணைய அது தாராளம். அடுப்பின் உடம்புக்கு எர்த் கட்டாயம். வயர்மேனை வைத்துச் செய்யுங்கள், பேட்டரி காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

பேட்டரி இருப்பதால் செங்குத்துக் குழாய் தேவையில்லை என்று ஆகாது. பேட்டரி செத்துப்போவது யாருக்கும் சொல்லிவிட்டு நடப்பதில்லை.

15 டிசம்பர், இரவு 10.10

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் செலவு ஏறுகிறது, தெரியும். இரவு 15, 16 டிகிரிதான் நமக்கு. எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் ஒன்றை அம்மாவின் அறையில் வைத்தால் புகையும் இல்லை, குழாயும் இல்லை. கையில் பணம் நெருக்கினால், குழாயில் மிச்சம் பிடித்து அடுப்பை மாட்டுவதைவிட அதுவே மேல். இதை மனதார எழுதுகிறேன்.

19 டிசம்பர், இரவு 9.00

பெல்லட் எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இது கொஞ்சம் தலைப்பை விட்டு விலகும், ஆனால் புகைக்குழாயோடு சம்பந்தம் உண்டு.

நம் நாட்டில் மரப் பெல்லட்டும் செய்கிறார்கள், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கழிவிலும் செய்கிறார்கள். நாற்காலி மேசைத் தொழிற்சாலைகளின் ரப்பர்மரத் தூளில் செய்தது வீட்டு அடுப்புக்கு ஏற்றது. செம்பனைக் குலையின் வெறும் சக்கையில் செய்ததை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் கிண்ணத்தில் கண்ணாடிக் கட்டியாகப் பிடிக்கும். காற்றுத் துளை அடைபடும், தீ சோம்பும், குழாயில் கரி ஏறும். செம்பனைக் கொட்டையின் ஓடுகளை ஜப்பானுக்கு மின்நிலையங்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள், அது பெரிய கொதிகலனுக்கு, கூடத்து அடுப்புக்கு அல்ல.

நல்ல பெல்லட் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் முதல் தரத்துக்கு ஈரம் 10 விழுக்காட்டுக்குள், சாம்பல் 0.7 விழுக்காட்டுக்குள் என்று வைத்திருக்கிறார்கள். நமக்குக் கையே சோதனைச்சாலை. ஒன்றை எடுத்து இரண்டு விரலால் முறியுங்கள். பட்டென்று ஒடிந்து, முறிந்த இடம் பளபளப்பாக இருந்தால் நல்லது. விரலிலேயே மாவாக உதிர்ந்தால் ஈரம் குடித்துவிட்டது. நம் மலை ஈரத்தில் மூட்டையைத் திறந்து வைத்தால் சீக்கிரமே ஊதி மரத்தூளாகிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல்.

ஆனால் டன் கணக்கில் வாங்கி மூடிய அறையில் குவிக்க வேண்டாம். எரியாமல் கிடக்கும் பெல்லட்டே கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். 2006-இல் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், கனடாவிலிருந்து பெல்லட் ஏற்றி வந்த கப்பலில் சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இப்படித்தான் இறந்தார். நாலு மூட்டை காற்றோட்டமான தாழ்வாரத்தில் இருந்தால் பயமில்லை.

22 டிசம்பர், காலை 10.30

இத்தாலிக்காரர்கள் இந்த அடுப்பை நிறையச் செய்கிறார்கள், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 80 மில்லிமீட்டர் வாய். புதிதாக வாங்குவோர் அதைப் பார்க்கலாமே என்று தானா ராத்தாவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நல்ல யோசனை, ஹெர்ட்ஸ் தொல்லை தீரும். ஆனால் கவனியுங்கள் அக்கா, அந்த நாட்டு விதியில் புகையைச் சுவரோடு விடக் கூடாது, கூரைக்கு மேலே கொண்டுபோய்த்தான் விட வேண்டும். செய்கிறவர்களே தங்கள் ஊரில் சுவர் வழியை ஏற்கவில்லை. கூரைக்கு மேலே விட வசதியிருந்தால் அதுவே சிறந்தது என்று நானும் சொல்வேன். ரிங்லெட் தம்பியின் கூரையும் அதே சாம்பல் சீட்டு என்பதால்தான் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

2 ஜனவரி 2025, இரவு 9.15. ரிங்லெட்டிலிருந்து

குழாய் வந்துவிட்டது அண்ணே. சாமி மேடையை மாற்றியாயிற்று. ஒரு ஆள் மூட்டுக்கு மூட்டு அலுமினியத் தாள் டேப் ஒட்டினால் போதும் என்கிறார்.

2 ஜனவரி, இரவு 9.40

டேப் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். வேண்டாம். பிஎல் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போட்டுத் திருகிப் பூட்டுபவை. சிலவற்றில் ரப்பர் போன்ற வளையம் உள்ளேயே இருக்கும், சிலவற்றுக்கு உயர்வெப்பச் சிலிக்கான் பூச வேண்டும். சிவப்பாக இருக்கும், 260 டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குளியலறைக்கு அடிக்கும் வெள்ளைச் சிலிக்கான் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, உள்ளே போகும் முனையைச் சுற்றி ஒரு கோடு, செருகித் திருகுங்கள், பிதுங்குவதை விரலால் வழித்து விடுங்கள். முக்கியமானது, அடுப்பின் வாயும் முதல் துண்டும் சேரும் இடம். பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். ஒரு முழு நாள் காய விடுங்கள்.

பிறகு சோதனை. ராத்திரியில் செய்யுங்கள். பற்றவைத்ததும் முதல் சில நிமிடம், தீ பிடிப்பதற்கு முன், கிண்ணம் கெட்டியாகப் புகையும். அந்த நேரத்தில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைக் குழாயோடு ஒட்டினாற்போலப் பிடித்துக் கீழிருந்து மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள். வெளிச்சக் கீற்றுக்குள் ஒரு நூல் புகை நெளிந்தாலும் தெரிந்துவிடும். பகலில், விளக்கு வெளிச்சத்தில், அது கண்ணுக்கே படாது. ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் பென்சிலால் குறி போடுங்கள். கண்டால் அணைத்து, ஆறவிட்டு, கழற்றி மறுபடி பூசுங்கள். மேலே தடவி மறைப்பது வேலையாகாது.

சமையல்கட்டில் புகை உறிஞ்சும் ஃபேன் ஓடும்போதும் ஒரு தடவை பாருங்கள். வீட்டை இறுக மூடிவிட்டு அது ஓடினால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, அடுப்பில் இருந்து புகையை வீட்டுக்குள் இழுக்கும். அதற்காகத்தான் கையேட்டில் வெளிக்காற்றுக் குழாய் போடச் சொல்வது.

9 ஜனவரி, மாலை 6.50

அடுப்பு பாதியில் நின்றுவிடுகிறது, அழுத்த சுவிட்ச் தொல்லை, அதன் இரண்டு கம்பியையும் நேரே சேர்த்துவிட்டால் ஓடும் என்று மச்சான் எங்கோ பார்த்தாராம். தம்பி, அந்தக் கம்பியைச் சேர்க்க விடாதீர்கள். குழாய் அடைத்தாலோ கதவு சரியாக மூடாவிட்டாலோ பெல்லட் கொட்டுவதை நிறுத்தும் காவல்காரன் அது. அது நிறுத்துகிறது என்றால் காரணம் இருக்கிறது. சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர்க் குழாயைப் பாருங்கள், வெடித்திருக்கலாம், கன்டெய்னரில் கிடந்த மாதங்களில் ஏதாவது பூச்சி அடைத்திருக்கலாம். வெளிக்காற்று எடுக்கும் குழாயின் வாயையும் பாருங்கள்.

10 ஜனவரி, இரவு 8.25. ரிங்லெட்டிலிருந்து

அண்ணே, குளவிக் கூடு! காற்றுக் குழாய்க்குள் விரல் நீளத்துக்கு மண் கட்டி வைத்திருக்கிறது. தட்டி எடுத்ததும் நிற்காமல் எரிகிறது. மச்சானுக்கே ஆச்சரியம்.

10 ஜனவரி, இரவு 8.50

நல்லது. மச்சானுக்கு என் வணக்கம், கையேட்டைப் பத்திரமாக வைத்திருந்த மனிதர் அவர். வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை மாட்டுங்கள், அரை அங்குலக் கண் தடியான பூச்சியைத்தான் நிறுத்தும், ஆகவே காற்று எடுக்கும் வாய்க்குக் கொஞ்சம் பொடிக் கண்ணே போடலாம். புகை போகும் முனைக்குப் பொடி வலை கூடாது, சாம்பல் ஒட்டி ஒரே மாதத்தில் அடைத்துவிடும்.

16 ஜனவரி, காலை 7.00

பொங்கல் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை அலாரம் பற்றி எழுத வேண்டும்.

சில வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு தங்கும் வீட்டில், வந்தவர்கள் குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கரியடுப்பில் ஸ்டீம்போட் வைத்தார்கள், மேசையிலேயே சூப்பைக் கொதிக்க வைத்துச் சாப்பிடுவது. அங்கே சமையல்கட்டில் புகைக்கூண்டு மாட்டப் போயிருந்தேன். கதவைத் தட்டியபோது திறந்த பெண்ணால் நிற்க முடியவில்லை, பிள்ளைகள் இருவரும் தரையில் படுத்திருந்தார்கள், சாப்பிட்டது ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 999-க்கு அழைத்தோம். பொம்பா, அதாவது தீயணைப்புப் படை வந்தது, பிழைத்தார்கள். அந்த அறையில் புகை இல்லை, வாடையில்லை, கரி நன்றாகச் சிவந்து அழகாக எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து தீ மூட்டும் எந்த வீட்டிலும் அலாரம் இல்லாமல் நான் வேலையை முடித்துக்கொடுப்பதில்லை.

அடுப்பு இருக்கும் அறையில் ஒன்று, அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி. அம்மா படுக்கும் அறையில் ஒன்று, தலையணை உயரத்தில். ஐரோப்பியத் தரம் பெற்றதென்றால் காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, ஒன்றரை மணிக்குள் கத்தும். 100-இல் 10 முதல் 40 நிமிடத்துக்குள். 300 என்றால் 3 நிமிடத்துக்குள். கத்தினால் காரணம் தேட வேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், அங்கிருந்து 999.

16 ஜனவரி, மதியம் 12.40

சாம்பலைப் பற்றி ஒரு வரி: மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில். ஆறிவிட்டது என்று தோன்றும் சாம்பலுக்குள் கங்கு ஒளிந்திருக்கும், சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் அதன் பைக்குள் போய்ப் பற்றும். குழாயை ஒரு டன் பெல்லட் எரித்ததும் தூரிகை விட்டுச் சுத்தம் செய்யுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அதற்கு முன்பே திறந்து பார்த்தால் இன்னும் நல்லது.

20 ஜனவரி, இரவு 9.30. ரிங்லெட்டிலிருந்து

டார்ச் வைத்துப் பார்த்துவிட்டோம் அண்ணே. அடுப்பு வாயில் ஒரு நூல் தெரிந்தது, கழற்றிப் பூசினோம், இப்போது இல்லை. நேற்று அரை மணி கரண்டு போனது, மெயினை அணைத்தும் ஒரு தடவை பார்த்தோம், புகை உள்ளே வரவில்லை. அலாரம் இரண்டும் மாட்டியாயிற்று. மச்சானிடம் ஒரு பழைய அலாரமும் கனடாவிலிருந்து வந்தது, பட்டனை அமுக்கினால் கத்துகிறது. அதைச் சமையல்கட்டில் மாட்டட்டுமா?

20 ஜனவரி, இரவு 9.55

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காலாவதி ஆண்டோ செய்த ஆண்டோ அச்சடித்திருக்கும். உள்ளே இருக்கும் உணரி 7 அல்லது 10 வருடத்தில் செத்துவிடும். பட்டனை அமுக்கினால் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கிறதா என்றுதான் தெரியும், உணரி உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. ஆண்டு தாண்டியிருந்தால் மாட்டாதீர்கள், எறிந்துவிடுங்கள்.